ஜெல்லி மீன், பவளம், கடல் சாமந்தி: பினாங்குக் கடற்கரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங்கில் தெப்பம் விடும்போது முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஒருத்தர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சோங் பூங்கா மணலில் நடக்கும்போது இன்னொருத்தர் கேட்பார். கோப்பிக்கடையில் தே தாரே வருவதற்குள் பக்கத்து மேசைக்காரர் கேட்பார். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து எனக்கு வருவதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லிப் பாதி விட்டுப்போகிறது என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைக்கிறேன். எளிதானதில் தொடங்கிப் போகப்போகச் சிக்கலானதுக்குப் போகும்.

டீச்சர், ஜெல்லி மீன் ஒரு வகை மீன்தானே?

இல்லை. மீனுக்கு முதுகெலும்பு உண்டு, செவுள் உண்டு, இதயம் உண்டு. இதற்கு அந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. வெளியே ஒரு தோல் அடுக்கு, உள்ளே ஒரு தோல் அடுக்கு, நடுவில் கெட்டியான கூழ், அவ்வளவுதான் உடம்பு. எடையில் 95 விழுக்காடு தண்ணீர்.

"மீன்" என்ற பெயர் ஆங்கிலத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. இராமநாதபுரம் பக்கத்து மீனவர்கள் இதைச் சொறி என்பார்கள், தொட்டால் என்ன ஆகும் என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். இங்கே மலாய்க்காரர்கள் ஊபூர் ஊபூர் என்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதால் நான் ஜெல்லி மீன் என்றே எழுதுகிறேன்.

பவளம் கல்லா, செடியா, உயிருள்ள பிராணியா? ஆளுக்கு ஒன்று சொல்றாங்க.

பிராணி. ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்வதில் தப்பு இல்லை, அறிஞர்களே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் இதைச் செடி என்றுதான் நம்பினார்கள். 1720களில் மார்சேய் நகரத்து மருத்துவர் பெய்சொனெல், சிவப்புப் பவளத்தைக் கடல் தண்ணீரிலேயே வைத்துப் பார்த்து, அதில் பூ என்று எல்லாரும் நினைத்தது தொட்டால் சுருங்குகிறது, அதனால் அது பூ இல்லை, சின்னப் பிராணி என்றார். அப்போது பெரிய ஆட்கள் யாரும் ஏற்கவில்லை. பல வருடம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

தெரிந்தவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பல வருடமாக ஒரு வெள்ளைப் பவளத் துண்டு இருக்கிறது. அதை ஒரு நாள் கேட்டு வாங்கி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் நடுவை நோக்கிச் சுற்றிலும் மெல்லிய தடுப்புகள், எண்ணிப் பார்த்தால் ஆறின் மடங்காக வருகிறது. ஒவ்வொரு கிண்ணமும் ஒரு பிராணி உட்கார்ந்திருந்த இடம். அந்தப் பிராணிக்குப் பாலிப் என்று பெயர். சின்னக் குழாய் மாதிரி உடம்பு, மேலே வாய், வாயைச் சுற்றி விழுதுகள். கடல் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்குக் கீழே தானே வீடு கட்டிக்கொள்ளும். ஆக நாம் கல் என்று சொல்வது வீடு, அதில் குடியிருப்பது பிராணி. (அந்தத் துண்டைப் பார்த்து யாரும் கடலிலிருந்து எடுத்து வர வேண்டாம். கல் பவளங்கள் எல்லாமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன, நம் நாட்டுக் கடல் பூங்காக்களில் எடுப்பது குற்றம்.)

ஒன்று மிதக்குது, இன்னொன்று பாறை மாதிரி கிடக்குது. ரெண்டும் எப்படி சொந்தம் ஆகும்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். ஒரு ஜெல்லி மீனை மனசுக்குள் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வாய் மேலே வரும், அதைச் சுற்றி விழுதுகள் மேல்நோக்கி நிற்கும், குடை அடியில் போய்விடும். இப்போது அது பார்க்க எப்படி இருக்கிறது? பாறையில் ஒட்டிக்கொண்டு பூப் போல விரியும் கடல் சாமந்தி மாதிரி, பவளத்தின் பாலிப் மாதிரி. ஒரே உடம்பு, வேறு வேறு நிலை.

இன்னும் ஒன்று. பெரும்பாலான ஜெல்லி மீன்கள் முட்டையிலிருந்து நேராகக் குடையாக வருவதில்லை. முட்டையிலிருந்து நுண்ணிய குஞ்சு வெளிவந்து நீந்தும், ஒரு பாறையிலோ சிப்பியிலோ படகுத்துறைக் காலிலோ போய் ஒட்டிக்கொள்ளும், சில மில்லிமீட்டர் உயரப் பாலிப்பாக வளரும். மாதக்கணக்கில் அப்படியே இருக்கலாம். நேரம் வந்ததும் அந்தப் பாலிப் குறுக்கே வரி வரியாகப் பிரிந்து, சாசர் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போல ஆகும். மேல் தட்டு முதலில் துடிக்கத் தொடங்கும், கழன்று நீந்திப் போகும், அப்புறம் அடுத்தது. அந்தத் தட்டுகள்தான் வளர்ந்து நாம் பார்க்கிற ஜெல்லி மீன் ஆகின்றன. பவளமும் கடல் சாமந்தியும் அந்தக் கடைசிப் படிக்குப் போகாமல் வாழ்நாள் முழுக்கப் பாலிப்பாகவே இருந்துவிடுகின்றன.

இந்தக் குடும்பத்துக்கு நிடேரியா என்று பெயர். பழைய பாடப்புத்தகங்களில் குழியுடலிகள் என்று இருக்கும். 11,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. பாதிக்கு மேல் பவளமும் கடல் சாமந்தியும் அடங்கிய பிரிவு. குளத்து நீரில் வாழும் மிகச் சின்னப் பிராணியான ஹைட்ராவும் அதன் கூட்டமும் மூவாயிரத்துக்கு மேல். நாம் ஜெல்லி மீன் என்றதும் நினைக்கிற பெரிய குடைக்காரர்கள் சுமார் 200 இனம்தான், பெட்டி ஜெல்லி மீன்கள் 50 அளவில். எல்லாரையும் இணைக்கிற ஒரே அடையாளம் கொட்டும் உயிரணு. கீழே திரும்பத் திரும்ப அதுதான் வரும்.

மூளை இல்லை, இரத்தம் இல்லை என்கிறீங்க. அப்புறம் எப்படி உயிரோடு இருக்குது?

உடம்பு மெலிசு என்பதால் உயிர்வளி தண்ணீரிலிருந்து தோல் வழியாகவே உள்ளே போய்விடும், அதைத் தூக்கிச் செல்ல இரத்தம் வேண்டியதில்லை. மூளைக்குப் பதிலாக உடம்பு முழுக்க வலை போல நரம்பு பரவியிருக்கிறது.

மூளை இல்லை என்றால் ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. பெட்டி ஜெல்லி மீனுக்கு 24 கண்கள், அதில் சிலவற்றுக்கு வில்லையும் (லென்ஸ்) உண்டு. கரீபியன் பகுதியில் பாக்காவ் (அலையாத்தி) மரங்களின் வேர்களுக்கு நடுவே வாழும் விரல்நக அளவு பெட்டி ஜெல்லி மீன் ஒன்று, ஒரு தடவை மோதினால் அடுத்த தடவை விலகப் பழகிக்கொள்கிறது என்று 2023இல் சோதனை செய்து காட்டினார்கள். அனுபவத்தில் கற்றுக்கொள்கிறது, மூளையே இல்லாமல். தலைகீழாகப் படுத்திருக்கும் காசியோபியா என்ற வகை இரவில் தூங்குகிறது என்பது 2017இல் தெரியவந்தது.

சாப்பிடுறதும் கழிக்கிறதும் ஒரே வாய் வழியாகவா? பையன் கேட்டுட்டுச் சிரிக்கிறான்.

ஆமாம், ஒரே வழிதான். குழியுடலி என்ற பெயரே அதனால்தான். உள்ளே ஒரு பை, அதற்கு ஒரு திறப்பு. பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

அது நம்மைத் தேடி வந்து கொட்டுதா?

தேடி வருவதில்லை. நாம் அதன் உணவும் இல்லை. விழுதில் ஆயிரக்கணக்கான கொட்டும் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கூடு, கூட்டுக்குள் சுருட்டி வைத்த நூல், வெளியே மயிர் போன்ற ஒரு விசை. தோல் பட்டதும், அதிலுள்ள வேதிப்பொருளை உணர்ந்ததும் விசை தட்டும், நூல் பாய்ந்து வெளியே வந்து குத்தி நஞ்சை இறக்கும். ஜெல்லி மீன் "கொட்டலாம்" என்று முடிவு எடுத்துச் செய்கிற வேலை இல்லை அது, தொட்டதும் தானாக வெடிப்பது.

அந்த வேகத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹைட்ராவில் அளந்து பார்த்ததில், கூடு வெடிக்க 700 நானோவினாடி ஆகிறது. ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஐம்பது லட்சம் மடங்குக்கு மேல் முடுக்கம். ஒரு கூடு ஒரு தடவைதான் வெடிக்கும். அதற்குப் பிறகு பிராணி புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

கரையில் செத்துக் கிடக்கிறதுதானே, கையில் எடுத்தால் என்ன?

முந்தைய பதிலைப் பாருங்கள். வெடிப்பது தனித்தனி உயிரணு. பிராணி செத்தாலும், விழுது அறுந்து தனியாகக் கிடந்தாலும், அந்தக் கூடுகள் வேலை செய்யும். தெலுக் பஹாங்கில் ஒரு தடவை ஒரு பையன் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு, குச்சியில் ஒட்டியதைக் கையால் வழித்துவிட்டான். கை சிவந்து ஒரு மணி நேரம் எரிச்சல் தாங்கவில்லை, அழுதுகொண்டே இருந்தான். ஜெல்லி மீனை அவன் நேராகத் தொடவே இல்லை.

ஆனால் பார்க்கலாம், பார்க்க வேண்டும். காற்றடித்த இரவுக்கு மறுநாள் காலையில் அலை வற்றிய குழியில் ஒன்றைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலம், பால் கலந்த கண்ணாடி மாதிரி நிறம், அடியில் முட்டைக்கோஸ் ஓரம் போல மடிப்பு மடிப்பாக எட்டுத் தடித்த கைகள். குனிந்து பார்த்தால் அந்தக் கைகளுக்கு நடுவே நகக்கண் அளவு மீன்குஞ்சுகள் மூன்று ஒளிந்துகொண்டிருந்தன. பெரிய மீன்களுக்குப் பயந்து ஜெல்லி மீனுக்கு அடியில் குடியிருப்பவை, அது கரை ஒதுங்கினாலும் விட்டுப் போகவில்லை. கரைப்பக்கம் மணலில் கிடந்த இன்னொன்று மதியம் வெயிலில் காய்ந்து தாள் போல ஆகிவிட்டது, 95 விழுக்காடு தண்ணீர் என்றேனே, அதுதான்.

பட்டுடுச்சுன்னா மூத்திரம் விடணும்னு சொல்றாங்க, உண்மையா?

வேண்டாம். பயனில்லை, சில நேரம் வெடிக்காமல் இருக்கும் கூடுகளையும் வெடிக்க வைக்கும். குடிக்கிற தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான். மணலை வைத்துத் தேய்ப்பது எல்லாவற்றையும் விட மோசம்.

முதலில் ஆளைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டு வாருங்கள். வெப்பமண்டலக் கடலில் என்ன கொட்டியது என்று தெரியாதபோது வினிகரைக் குறைந்தது 30 வினாடி தாராளமாக ஊற்றுவதுதான் பொதுவான வழிமுறை. கடைகளில் சூக்கா என்று எழுதிய போத்தலில் இருப்பது அதேதான், கடலுக்குப் போகும்போது பையில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அது வலியைப் போக்காது, மீதிக் கூடுகள் வெடிக்காமல் தடுக்கும். அப்புறம் ஒட்டியிருக்கிற விழுதை இடுக்கியாலோ கையுறை போட்டோ எடுத்துவிடுங்கள். வினிகர் இல்லையென்றால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். வலிக்கு, தோல் வெந்துவிடாத அளவு சூடான தண்ணீர், 45 பாகை அளவில், இருபது நிமிடமாவது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வாந்தி, மயக்கம், அல்லது கை கால் முழுக்கச் சாட்டையடி போலக் கோடுகள் இருந்தால் எதற்கும் காத்திருக்காமல் 999 அழையுங்கள். மூச்சு நின்றால் உடனே நெஞ்சழுத்த முதலுதவி.

பினாங்குக் கடலில் உயிரை எடுக்கிற வகை இருக்குதா? நேராகச் சொல்லுங்க டீச்சர்.

இருக்கிறது. நம் கடல்களில் பெட்டி ஜெல்லி மீன்கள் உண்டு, பினாங்கிலும் பதிவாகியிருக்கின்றன. தேசியப் பூங்காவுக்குள் தெலுக் அலிங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையத்தில் ஜெல்லி மீன்களைப் பற்றி ஆராய்கிறார்கள். பெட்டி ஜெல்லி மீனின் குடை நான்கு மூலை உள்ளதாக இருக்கும், விழுதுகள் மூலைகளிலிருந்து மட்டும் தொங்கும். கண்ணாடி போலத் தெளிவு என்பதால் தண்ணீரில் தெரியாது, மற்றவை போல மிதந்து திரியாமல் நன்றாக நீந்தும். ஆஸ்திரேலிய வகையின் நஞ்சு அதிகமாகப் பட்டால் சில நிமிடத்தில் இதயத்தை நிறுத்திவிடும்.

இதைச் சொல்வது யாரும் கடலுக்கே போகக் கூடாது என்பதற்காக இல்லை. ஆயிரக்கணக்கான பேர் பத்து ஃபெரிங்கியில் குளிக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. பிள்ளைகளுக்குக் கையும் காலும் மூடிய நீச்சல் உடை போட்டுவிடுங்கள், மெல்லிய துணிகூட நன்றாகத் தடுக்கும். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள்.

ஒன்றையும் கண்ணால் பார்க்கல, ஆனா குளிச்சுட்டு வந்தா உடம்பெல்லாம் அரிப்பு. ஏன்?

அறுந்த விழுதுத் துண்டுகள் தண்ணீரில் மிதந்திருக்கலாம், அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவு குஞ்சுகள் உடைக்குள் சிக்கியிருக்கலாம். உடைக்குள்ளே இருக்கிற இடத்தில் மட்டும் தடிப்பு அதிகம் என்றால் பெரும்பாலும் குஞ்சுகள்தான். ஈரத் துணியோடு உட்காராமல் உடனே கழற்றிவிட்டு அப்புறம் குளியுங்கள்.

முகநூலில் ஒரு நீலப் பலூன் மாதிரி வந்ததே, அதுவும் ஜெல்லி மீன்தானே?

அது ஃபைசாலியா. குடும்பம் அதேதான், ஆனால் ஜெல்லி மீன் பிரிவு இல்லை, ஹைட்ராவின் பக்கத்து உறவு. பார்க்க ஒரே பிராணி போல இருந்தாலும் அது ஒரு கூட்டம். மிதவையாக இருப்பது ஒன்று, உணவைப் பிடிப்பது இன்னொன்று, செரிப்பது வேறொன்று, இனப்பெருக்கத்துக்கு மற்றொன்று. எல்லாம் ஒரே முட்டையிலிருந்து வளர்ந்து பிரியாமல் ஆளுக்கு ஒரு வேலை பார்க்கின்றன. கூட்டுக் குடும்பம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். கொட்டினால் வலி கடுமையாக இருக்கும், இதற்கு மட்டும் வினிகர் வேண்டாம், கடல் தண்ணீரில் கழுவிவிட்டுச் சூடான தண்ணீர் ஊற்றினால் போதும் என்பது ஆஸ்திரேலிய வழிகாட்டுதல்.

ராத்திரி அலை நீலமா மின்னுது. அது ஜெல்லி மீனா?

பெரும்பாலும் இல்லை. நொக்டிலூகா போன்ற ஒற்றை உயிரணு உயிரிகள், தண்ணீர் கலங்கும்போது ஒளி விடுகின்றன. ஜெல்லி மீன்களிலும் ஒளிர்பவை உண்டு. பசிபிக் கரையில் வாழும் அக்வோரியா விக்டோரியா என்ற ஒன்றிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962இல் ஒரு பச்சை ஒளிர் புரதத்தைப் பிரித்தெடுத்தார். உயிருள்ள உடம்புக்குள் எந்தப் புரதம் எங்கே போகிறது என்று பார்க்க இன்றைக்கு உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2008இல் அதற்காக மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நொக்டிலூகாவை நினைவில் வையுங்கள், அதன் உறவுக்காரர்கள் வெளுப்பு பற்றிய பதிலில் வருவார்கள்.

நம்ம பினாங்கில் ஏன் பவளப்பாறை இல்லை? லங்காவிப் பக்கம் இருக்குதே.

கலங்கல். மலாக்கா நீரிணை ஆழம் குறைவு, ஆறுகள் சேற்றைக் கொண்டு வந்து கொட்டுகின்றன, தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. பாறை கட்டும் பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும் (காரணம் அடுத்த பதிலில்), சேறு மேலே படிந்தால் மூச்சு முட்டிவிடும். லங்காவிக்குத் தெற்கே பூலாவ் பாயார் பக்கம் தண்ணீர் கொஞ்சம் தெளிவு, அதனால் அங்கே பவளப்பாறை இருக்கிறது, சொல்லும்படியானது நமக்குப் பக்கம் அதுதான். பெரிய அளவில் பார்க்கக் கிழக்குக் கரைக்கு, ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் போக வேண்டும். சபா கடல் பவள முக்கோணம் என்று சொல்கிற, உலகத்திலேயே அதிகப் பவள இனங்கள் இருக்கிற பகுதியைச் சேர்ந்தது.

ஆனால் பவளப்பாறை இல்லை என்பதால் சொந்தக்காரர்கள் யாருமே இங்கே இல்லை என்று நினைக்காதீர்கள். அலை வற்றும்போது பாறை இடுக்கில் கருஞ்சிவப்பாக, ஈரமான பொத்தான் போல ஒன்று ஒட்டியிருக்கும். எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தண்ணீர் திரும்பி வந்து மூடும்வரை காத்திருங்கள். பொத்தான் மெல்லத் திறந்து பூப் போல விரியும், அதுதான் கடல் சாமந்தி. சேற்றுக்குள்ளேயே நட்டுக்கொண்டு இறகு போல நிற்கும் கடல் இறகுகளும் இதே குடும்பம்தான், அவற்றுக்குக் கலங்கல் ஒரு பொருட்டே இல்லை.

வெளுத்துப்போன பவளம் செத்துப்போச்சுன்னு அர்த்தமா?

இல்லை, ஆனால் பட்டினியில் இருக்கிறது. பாறை கட்டும் பவளத்தின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. நொக்டிலூகா சேர்ந்த அதே பெருங்கூட்டத்தில் வருபவை இவை. பவளம் இடம் கொடுக்கிறது, பாசி வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை செய்து கொடுக்கிறது, பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரைகூட இப்படி வரும். நிறமும் பெரும்பாலும் பாசியுடையதுதான். இரவில் விழுதை நீட்டி, கொட்டும் உயிரணுவால் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிராணிகளைப் பிடித்துச் சாப்பிடுவதும் உண்டு, ஆனால் அது மட்டும் போதாது.

கடல், வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை அதிகச் சூட்டில் சில வாரம் நின்றால் இந்த ஏற்பாடு கெட்டுப்போகிறது. பாசி நச்சாக மாறும் பொருள்களை உண்டாக்கத் தொடங்க, பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. தசை கண்ணாடி போல ஆகி உள்ளேயிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வந்து பவளம் பிழைத்துக்கொள்ளும். தணியாவிட்டால் செத்துவிடும், அப்போது வெள்ளை நிறமும் நிலைக்காது, மேலே கடற்பாசி படர்ந்து அழுக்குப் பச்சையாகிவிடும். 1998, 2010, 2014 முதல் 2017 வரை என்று உலக அளவில் மூன்று தடவை நடந்தது, நான்காவது நடந்துகொண்டிருக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2010இல் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை நம் அரசாங்கம் கொஞ்ச காலம் மூடி வைத்தது. ஏற்கனவே தவித்துக்கொண்டிருப்பதை மனிதர்கள் மேலும் மிதிக்காமல் இருக்கட்டும் என்றுதான். கடல் தரையில் ஒரு விழுக்காடுகூட இல்லாத பவளப்பாறையில் கடல் உயிரினங்களில் கால்வாசி வாழ்க்கையில் ஒரு கட்டமாவது கழிக்கின்றன. எனக்கு இது சும்மா படித்துவிட்டுப் போகிற விஷயமாக இல்லை.

செவ்வாய்க்குப் போடுற பவள மோதிரமும் இந்தப் பவளமும் ஒண்ணா?

சொந்தம், ஆனால் அதே இனம் இல்லை. லிட்டில் இந்தியா நகைக்கடைகளில் அசல் பவளம் என்று விற்பது பெரும்பாலும் மத்தியதரைக் கடல் சிவப்புப் பவளம், பெய்சொனெல் பார்த்த அதேதான். பழந்தமிழில் துகிர் என்பார்கள், நம் ஆட்கள் ரொம்பக் காலமாகவே இதைக் கடல் கடந்து வாங்கியிருக்கிறார்கள். பாலிப்புக்கு எட்டு விழுது, ஒவ்வொன்றும் இறகு போலப் பிளவுபட்டது. உள்ளே பாசி கிடையாது, அதனால் வெளிச்சம் குறைந்த குகைச் சுவர்களிலும் ஆழத்திலும் வளரும். உயிரோடு இருக்கும்போது சிவப்புக் கிளையில் வெள்ளைப் பூக்கள் போலப் பாலிப்கள் விரிந்திருக்கும். சிவப்பு, எலும்புக்கூட்டின் நிறம்.

வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்காது. ஒரு பென்சில் கனம் வருவதற்கே இருபது வருடத்துக்கு மேல். அவ்வளவு மெதுவாக வளர்வதை எவ்வளவு வேகமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. சந்தையில் மூங்கில் பவளத்துக்குச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு, கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் உண்டு. யாருடைய நம்பிக்கையிலும் நான் கை வைக்கவில்லை. பாட்டியின் பழைய பவளம் வீட்டில் இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

சீனர் கல்யாண விருந்தில் ஜெல்லி மீன் வைக்கிறாங்க. அது விஷம் இல்லையா?

சாப்பிடுகிற வகைகள் தனி, பெரும்பாலும் மேலே சொன்ன தடித்த கைக்காரர்கள். பிடித்த உடனே உப்பும் படிகாரமும் போட்டு வாரக்கணக்கில் தண்ணீரை வடியவிட்டுப் பதப்படுத்துகிறார்கள், கொட்டும் கூடுகள் செயலிழந்துவிடும். வாயில் நறுக்கென்று இருக்கும். கரையில் ஒதுங்கியதை எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் சமைக்க முயற்சி செய்யவே செய்யாதீர்கள்.

சாகவே சாகாத ஜெல்லி மீன் இருக்குதாமே?

பாதி உண்மை. டுரிடாப்சிஸ் டோர்னி என்ற அரை சென்டிமீட்டர் அளவு பிராணி, காயம் பட்டாலோ பட்டினி கிடந்தாலோ சுருங்கி உருண்டையாகி, மறுபடியும் பாலிப்பாக மாறிவிடும். மூன்றாவது கேள்வியில் சொன்ன படிகளில் மேலிருந்து கீழே இறங்கிவருவது மாதிரி. அந்தப் பாலிப்பிலிருந்து திரும்பக் குடைகள் வரும். ஆனால் மீன் தின்றால் செத்துப்போகும், நோய் வந்தாலும் செத்துப்போகும். நிஜமான வயதில் அசத்துவது ஹவாய் ஆழ்கடலின் கருப்புப் பவளம் ஒன்று, அந்தக் கூட்டத்துக்கு 4,000 வயதுக்கு மேல் என்று கணித்திருக்கிறார்கள்.

ஜெல்லி மீன் பெருகினா கடல் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?

அப்படி ஒரே வரியில் சொல்ல முடியாது. ஜெல்லி மீன் கூட்டம் இயல்பாகவே சில வருடம் ஏறும், சில வருடம் இறங்கும். ஆனால் சில இடங்களில் மனிதர்கள் செய்ததும் சேர்ந்துகொள்கிறது. போட்டிக்கு இருக்கும் மீன்களை அள்ளிவிடுகிறோம், கழிவு நீரால் உணவு பெருகுகிறது, பாலிப்கள் ஒட்டிக்கொள்ளத் தூணும் சுவரும் கட்டிக்கொண்டே இருக்கிறோம். கூட்டமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நிறைய. 1999 டிசம்பரில் பிலிப்பைன்ஸில் ஒரு மின் நிலையத்தின் குளிர்நீர்க் குழாய்களை அடைத்து லூசோன் தீவின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. 2013இல் சுவீடனிலும் 2025இல் பிரான்சிலும் அணுமின் நிலையங்களை நிறுத்த வைத்தன.

இன்னொரு பக்கம், ஜெல்லி மீனை நம்பி வாழ்பவை இருக்கின்றன. ஏழுவரி ஆமைக்கு முக்கிய உணவே அதுதான். திரெங்கானுவில் ரந்தாவ் அபாங் கரைக்கு ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிட வந்த ஆமை அது, இன்றைக்கு அங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை. முட்டையை எடுத்தது, வலையில் சிக்கியது என்று காரணம் பல. தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து விழுங்குவதும் நடக்கிறது. தஞ்சோங் பூங்காவில் நானே அப்படி ஒரு பையைப் பார்த்துவிட்டு ஜெல்லி மீன் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

தெளிவா, உடம்பில் எட்டு வரி வானவில் மாதிரி ஓடிச்சு, தொட்டேன், கொட்டவே இல்லை. அது என்ன வகை?

அது சீப்பு ஜெல்லி. குடும்பமே வேறு. அந்த எட்டு வரிகளில் நுண்ணிய மயிர்கள் துடுப்பு போட்டுக்கொண்டே இருக்கின்றன, அவற்றில் பட்டுச் சிதறும் வெளிச்சம்தான் வானவில். இரையைக் கொட்டிப் பிடிக்காமல், பசை போன்ற உயிரணுவால் ஒட்டிப் பிடிக்கும். இன்னொன்றும் கரையில் வரும், சின்னப் பீப்பாய் போல, சங்கிலியாக. அது சால்ப். கூழாக இருப்பதால் ஜெல்லி மீன் என்று தோன்றும், ஆனால் குஞ்சுப் பருவத்தில் முதுகுத்தண்டின் முன்னோடி இருக்கிற கூட்டத்தைச் சேர்ந்தது, அதாவது ஜெல்லி மீனைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

அப்போ கூழா இருந்தாலும் சொந்தம் இல்லைன்னா, கூழாவே இல்லாத சொந்தம் யாராவது இருக்காங்களா?

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டது இது. கேட்டதும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இருக்கிறார்கள். மிக்சோசோவா என்ற ஒட்டுண்ணிகள், 2,000 இனங்களுக்கு மேல், மீன்களின் உடம்புக்குள் வாழ்பவை. அளவில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு சமாசாரம். குடை இல்லை, விழுது இல்லை, வாய் இல்லை, வயிறு இல்லை. ரொம்பக் காலம் இவற்றை ஒற்றை உயிரணு உயிரிகளோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகுதான் இவை ஜெல்லி மீன், பவளக் குடும்பத்தில் சுருங்கிப்போன உறவினர் என்று உறுதியானது.

அதிலும் பசிபிக் சால்மன் மீனின் சதையில் இருக்கும் ஹென்னெகுயா சால்மினிகோலா என்ற ஒன்று, உயிர்வளியை வைத்து ஆற்றல் உண்டாக்கத் தேவையான மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களையே இழந்துவிட்டது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். உயிர்வளியைச் சுவாசிக்காத பிராணி என்று முதலில் தெரியவந்தது இதுதான். மனிதருக்கு இதனால் கெடுதல் இல்லை. உடம்பில் மொத்தம் பத்து உயிரணுகூட இல்லை. குடும்பத்திலிருந்து வந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகும், நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் தலைப்பக்கம் இரண்டு சின்னக் கூடுகள் தெரியும், உள்ளே சுருட்டி வைத்த நூலோடு. அடுத்துக் குடியேற வேண்டிய உயிரைப் பற்றிக்கொள்ளும் நேரம் வந்ததும் அந்த நூல் வெளியே பாயும்.